நர்ஸம்மாவைக் கேளுங்கள்: பதினெட்டாயிரம் யாருக்கு, எப்போது, எந்தக் கணக்கில்?

தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த இதழில் மகப்பேறு உதவிகள்.

மகப்பேறு உதவித்தொகை பற்றிக் கேளுங்கள் என்று அறிவித்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் 'பணம் ஏன் இன்னும் வரவில்லை' ரகம். எழுதியவர்களில் ஆண்களும் நிறைய. சந்தோஷம்தான். ஆனால் சில தம்பிமார் 'எனக்கு வர வேண்டிய பணம்' என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு இல்லை தம்பி, சுமக்கிறவளுக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாள் தள்ளிப்போய் ஒரு மாதம் ஆகிறது. வீட்டிலேயே டெஸ்ட் செய்து பார்த்துவிட்டோம். 'மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே' என்கிறார் மாமியார். அதற்குப் பிறகு நர்ஸிடம் கர்ப்பத்தைப் பதிந்தால் அரசின் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி கிடைக்குமா?
ஒரு வாசகி, பாலக்கோடு

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். கண் பட்டுவிடும் என்ற பயம் நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸுக்குச் சொல்லுங்கள். நர்ஸ் ஊரில் சேர்த்தி இல்லை.

மாமியார் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு. நாங்கள் வாரத்தை எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. நாள் தள்ளி ஒரு மாதம் என்றால் எங்கள் நோட்டில் உங்களுக்கு எட்டு வாரம் ஆகிவிட்டது. அவர் சொல்கிற மூன்று மாதம் முடியும்போது பதினாறு வாரம் ஓடியிருக்கும். பதிவோ 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு காத்திருந்து கெடு தாண்டிப்போன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கே உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆதார், உங்கள் பெயரில் உள்ள வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றும் கையில் இருக்கட்டும். நர்ஸ் பதிந்ததும் 12 இலக்கத்தில் ஒரு பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், தருவார். 102-க்குப் போன் செய்தும் பதியலாம், இணையத்தில் நீங்களே பதியவும் வழி உண்டு. ஆனால் நர்ஸ் சரிபார்த்தால்தான் அது நிற்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்பார்கள். ஆகவே உதவித்தொகை வேண்டாம் என்கிற வசதியான வீட்டுப் பெண்ணும் பதிந்தாக வேண்டும்.

இனி பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டம் இது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போன அந்த அம்மாள்தான். 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இலிருந்து 18,000 என்று வளர்ந்திருக்கிறது. மத்திய அரசின் தாய்மை உதவியும் இதற்குள்ளேயே கலந்து வருகிறது. 18,000 முழுவதும் ரொக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 14,000 ரொக்கம், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகம் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும். ரொக்கம் முன்பு ஐந்து தவணையாக வந்தது, இப்போது மூன்று: கர்ப்பத்தின் நாலாவது மாதம் 6,000, குழந்தைக்கு நாலாவது மாதம் 6,000, ஒன்பதாவது மாதம் 2,000.

ஏன் நாலாவது மாதம், ஏன் ஒன்பதாவது மாதம் என்று கேட்பீர்கள். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள் முடிவது நாலாவது மாதத்தில். தட்டம்மை, ருபெல்லா ஊசி ஒன்பதாவது மாதம். ஊசியைத் தள்ளிப்போட்டால் பணமும் தள்ளிப்போகும். 'ஊசி போட்டா காய்ச்சல் வருது, அடுத்த மாசம் போட்டுக்கலாம்' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிய அப்பாக்கள்தான் பிறகு பணத்தைக் கேட்டு நர்ஸோடு சண்டைக்கு வருகிறார்கள்.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், 19 வயது நிறைந்த தாய், முதல் இரண்டு பிரசவம். இவைதான் அடிப்படை விதிகள்.

என் முதல் தவணை 'அனுப்பப்பட்டுவிட்டது' என்று நர்ஸ் கணினியில் பார்த்துச் சொல்கிறார். நான் கொடுத்த பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. நர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று என் கணவர் சந்தேகப்படுகிறார்.
ஒரு வாசகி, அரூர்

கணவரிடம் சொல்லுங்கள்: அந்தப் பணம் நர்ஸ் கையில் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை. கருவூலத்திலிருந்து நேராக வங்கிக்குப் போகிறது. தங்குகிற இடம் வேறு.

ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் எந்தப் பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தீர்கள் என்று பார்க்காது. உங்கள் ஆதாரோடு கடைசியாக இணைந்த கணக்கு எதுவோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அது எந்தக் கணக்கு என்பது பல பெண்களுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்தது ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் நூறுநாள் வேலைக்காக அம்மா ஊரில் திறந்தது ஒன்று, மகளிர் குழுவில் திறந்தது ஒன்று, சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்ததில் தானாக முளைத்தது ஒன்று. பென்னாகரம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு தவணையும் அவள் ஏழாம் வகுப்பில் திறந்த கணக்கில் பத்திரமாகக் கிடந்தது. பாஸ்புக்கைத் தேடி எடுக்க அவளுடைய அண்ணன் வீட்டுப் பரண்மேல் ஏற வேண்டியிருந்தது.

முதல் வேலை, பணம் எங்கே போனது என்று கண்டுபிடிப்பது. ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். வங்கியின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆதாரில் கொடுத்த கைபேசி எண் இப்போது இல்லையென்றால் இ-சேவை மையத்தில் போய் முதலில் எண்ணை மாற்றுங்கள்.

இரண்டாவது, அடுத்த தவணை சரியான கணக்குக்கு வர வேண்டும். வங்கியில் 'ஆதார் இணைச்சாச்சும்மா' என்பார்கள். நம்பி வந்துவிடாதீர்கள். ஆதார் ஜெராக்ஸைக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. அரசு உதவி இந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தனிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இணைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூட்டுக் கணக்கு வேண்டாம், கணவர் கணக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு வருஷம் போடல் எடுத்தல் எதுவும் இல்லாத கணக்கு தூங்கிவிடும். நூறு ரூபாய் போட்டு எழுப்பிவிடுங்கள். ஆதாரில் அப்பா பெயர் இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர் இனிஷியல் என்றால் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

சித்தேரி, வத்தல்மலை மாதிரி மேலே இருக்கிறவர்கள் வங்கிக்காகக் கீழே இறங்கிச் சிரமப்பட வேண்டியதில்லை. தபால்காரரிடம் சொன்னால் அஞ்சலக வங்கிக் கணக்கை வீட்டு வாசலிலேயே கைரேகை வாங்கித் திறந்து, ஆதாரையும் இணைத்துவிடுவார். பணம் வந்ததும் எடுத்துக் கொடுப்பவரும் அவரே. மலைக்கிராமங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நர்ஸிடம் கணவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். கேட்க மாட்டார். சொல்லிப் பாருங்கள்.

மருமகளுக்கு வந்த பெட்டகத்தில் நெய், பேரீச்சம்பழம் எல்லாம் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டால் தப்பா?
ஒரு மாமியார், காரிமங்கலம்

தப்புத்தான் அம்மா.

ஆவின் நெய் எல்லோருக்கும் பிடிக்கும், தெரியும். இரும்புச்சத்து டானிக்கை மட்டும் யாரும் பங்கு கேட்பதில்லை, பார்த்தீர்களா? அந்தப் பெட்டகம் ரத்தசோகைக்காகக் கொடுப்பது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகக் கூடாது. நம் பக்கத்துப் பெண்களை நான் பரிசோதித்த காலத்தில் எட்டும் ஒன்பதும்தான் அடிக்கடி எழுதியிருக்கிறேன். அந்த ரத்தத்தோடு பிரசவ மேசைக்குப் போகிறவள், சாதாரண ரத்தப்போக்கையே தாங்க மாட்டாள்.

பேரப்பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தனியாக வருகிறது. மருமகளுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போடுங்கள், நெய்யை அதன்மேல் ஊற்றுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ கொடுக்காதீர்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் நன்றாகச் சேரும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பயந்துபோய்க் கூரையில் செருகி வைத்த மாத்திரை அட்டைகளை வீடு வீடாக எடுத்திருக்கிறேன்.

நானும் மனைவியும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறோம். அங்கே ஆஸ்பத்திரியில் தாய் கார்டு போட்டுவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு ஊத்தங்கரையில் மாமியார் வீட்டுக்கு வருவாள். இரண்டு இடத்திலும் பதியலாமா? இரண்டு இடத்திலும் பணம் வருமா?
ஒரு வாசகர், ஊத்தங்கரை

இரண்டு இடத்திலும் பணம் வராது. ஆதார் ஒன்றுதானே? மத்திய அரசின் உதவி ஒரு கர்ப்பத்துக்கு ஒரே முறைதான். அதை மறந்துவிடுங்கள்.

ஆனால் இங்கே கட்டாயம் பதியுங்கள். குழந்தை பிறக்கப்போவது இங்கே, பிறப்புச் சான்றிதழ் இங்கே, பிக்மி எண் இல்லாமல் அந்த நாளில் அலைய வேண்டியிருக்கும். வளைகாப்பு முடிந்து ஏழாவது மாதத்தில் வந்து பதிகிற பழக்கம் நம் மாவட்டங்களில் பெங்களூர் போகிற குடும்பம் அத்தனையிலும் இருக்கிறது. அப்போது பதிந்தால் 12 வாரக் கெடு தாண்டிப்போய்விடும். நாள் தள்ளியதும் ஒரு ஞாயிறு பார்த்துக் கிளம்பி வந்து, திங்கட்கிழமை மாமியார் ஊர் நர்ஸிடம் பதிந்துவிட்டு ராத்திரி பஸ் ஏறிவிடலாம். ஒரு நாள் கூலி போகும். வருகிறது 6,000.

பெங்களூர்க் கார்டைத் தூக்கிப்போடாதீர்கள். அங்கே போட்ட தடுப்பூசித் தேதி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும். வரும்போது அது கையில் இருந்தால் இங்கே மறுபடி குத்த மாட்டார்கள். பிரசவம் முடிந்து மூன்று மாதத்தில் மறுபடி பெங்களூர் போவீர்கள், தெரியும். குழந்தையின் ஊசியை அங்கேயே தவறாமல் போட்டு, அட்டையைப் படம் எடுத்து ஊர் நர்ஸுக்கு அனுப்புங்கள். அவர் கணினியில் ஏற்றினால்தான் அடுத்த தவணை நகரும். நர்ஸின் போன் எண்ணை இரண்டு பேர் கைபேசியிலும் வைத்திருங்கள்.

இன்னொன்று. இங்கே கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? வாரியத்தில் உறுப்பினராக உள்ள பெண்ணுக்குத் தனியாக மகப்பேறு உதவி உண்டு. கிருஷ்ணகிரியில் தொழிலாளர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனைவி பெயரில் பதிய வேண்டும். சித்தாள் வேலையும் கட்டட வேலைதான், உங்கள் பெயரில் மட்டும் பதிந்துவிட்டு வராதீர்கள்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். மாதம் 15,000 சம்பளம், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். இது ஆறாவது மாதம். 'நீயா எழுதிக் கொடுத்துட்டு நின்னுக்க, குழந்தை பொறந்த பிறகு வந்து சேர்ந்துக்கலாம்' என்கிறார் காண்ட்ராக்டர். அரசு தரும் 18,000 வந்தால் போதும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.
ஒரு வாசகி, ஓசூர்

கண்ணு, எதிலும் கையெழுத்துப் போடாதே. வெள்ளைத்தாளில் போடவே போடாதே. இதைப் படித்து முடித்ததும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

18,000-ஐ நினைத்துக்கொண்டு நீ இழக்கப்போவது எவ்வளவு தெரியுமா? ஈ.எஸ்.ஐ.-யில் உள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 26 வாரம் என்றால் 182 நாள். உன் சம்பளத்துக்கு நாளொன்றுக்கு 500 என்று வைத்தால் 91,000 ரூபாய். அதைக் கொடுப்பது காண்ட்ராக்டர் இல்லை, ஈ.எஸ்.ஐ. கழகம். அவர் பையிலிருந்து ஒரு பைசா போகாது. பிறகு ஏன் உன்னை அனுப்பப் பார்க்கிறார்? உன் இடத்தில் வேறு பெண்ணை வைத்தால், நீ திரும்பி வரும்போது இடம் தர வேண்டுமே என்ற கவலை.

பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளாவது உன் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். உன் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி பக்கம் 3.25 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். பிடித்தார்கள் என்பதாலேயே கட்டினார்கள் என்று ஆகாது. உன் காப்பீட்டு எண்ணைப் போட்டு ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்த்தால் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று தெரியும். காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டிருந்தால் கம்பெனியே பொறுப்பு. ஓசூரிலேயே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் இருக்கிறது. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் நேராகக் கேள்.

மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையைவிட்டு நீக்குவது சட்டப்படி குற்றம். அதனால்தான் 'நீயா எழுதிக் கொடு' என்கிறார்கள். நீ எழுதிக் கொடுத்தால் அது நீக்கம் ஆகாது அல்லவா? வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல். அனுப்ப மாட்டார்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், அந்த 26 வாரச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். 2017 வரை அது 12 வாரமாகத்தான் இருந்தது. இரண்டு குழந்தைக்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு இன்றும் 12 வாரம். கரு கலைந்தால் ஆறு வாரம். திரும்பி வந்த பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் தாய்மை உதவி, வேறு சட்டப்படி இதே பலனைப் பெறுபவர்களுக்குக் கிடையாது. அதற்காக வருத்தப்படாதே கண்ணு. 91,000-ஐ முதலில் வாங்கு.

என் மகளுக்கு 18 வயது ஐந்து மாதம். போன வருஷம் கல்யாணம் முடித்தோம். இப்போது முழுகாமல் இருக்கிறாள். வயது போதவில்லை என்று பணம் கிடைக்காது என்கிறார்கள். ஆதாரில் வயதைக் கூட்டி மாற்ற வழி உண்டா?
ஒரு தாய், அஞ்செட்டி

இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

உதவித்தொகைக்கு 19 என்று விதி வைத்தது சும்மா இல்லை. வளர்ந்து முடியாத உடம்பு இன்னொரு உடம்பை வளர்க்கும்போது என்னென்ன ஆகும் என்று லேபர் வார்டில் நின்று பார்த்தவள் நான். ரத்த அழுத்தம் ஏறும், வலிப்பு வரும், குழந்தை எடை குறைவாக, நாள் நிறையாமல் பிறக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்த வயதுக் கர்ப்பங்கள் இன்றும் குறையவில்லை. 'நல்ல இடம் வந்துச்சு, விட மனசில்ல' என்பது எல்லா வீட்டிலும் கேட்ட பேச்சு. நீங்கள் எழுதிய கணக்குப்படி கல்யாணத்தன்று அவளுக்கு 18 முடிந்திருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

இனி அதைப் பேசி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? பணம் வராவிட்டாலும் பதிவும் பரிசோதனையும் ஸ்கேனும் மாத்திரையும் பிரசவமும் எதுவும் அவளுக்கு மறுக்கப்படாது. இன்றைக்கே பிக்மியில் பதியுங்கள். உண்மையான வயதைச் சொல்லுங்கள், ஆபத்தான கர்ப்பம் என்று குறித்துக்கொண்டு கூடுதலாகக் கவனிப்பார்கள். பொய் வயது சொன்னால் அந்தக் கவனிப்புத்தான் முதலில் போகும். அஞ்செட்டியிலிருந்து மலை வழியாக வர வேண்டும் என்பதால், பிரசவத் தேதிக்கு முன்னாடியே வந்து மருத்துவமனையில் தங்க இடம் உண்டா என்று நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.

18-க்கும் கீழ் உள்ள பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவமனை போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அப்படி. அந்தப் பயத்தில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கிற குடும்பங்கள் இந்தப் பதிலைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: கேஸை வக்கீல் பார்த்துக்கொள்வார். ரத்தப்போக்கை யார் பார்ப்பது?

அப்பாவுக்கு ஏதாவது உண்டா நர்ஸம்மா?
ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் விடுப்பு உண்டு. மாங்கூழ்த் தொழிற்சாலையிலோ மண்டியிலோ வேலை என்றால் சட்டத்தில் ஒன்றும் இல்லை. வேலை மட்டும் உண்டு: வங்கிக்குப் போவது, ஊசித் தேதியை நினைவில் வைப்பது, ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது.

ஒரு அரசு மருத்துவமனையில் மகளுக்குப் பிரசவம். பையன் பிறந்தால் இவ்வளவு, பொண்ணு பிறந்தால் இவ்வளவு என்று வார்டில் கேட்டு வாங்கினார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளத் தனி. இது வழக்கமா?
ஒரு பாட்டி, நல்லம்பள்ளி

வழக்கமாக இருக்கிறது. முறை இல்லை. நான் வேலை பார்த்த துறை என்பதற்காக மூடி மறைக்க மாட்டேன்.

2011-இலிருந்து அரசு மருத்துவமனையில் பிரசவம் முழுவதும் இலவசம். சிசேரியனும் அதில் அடக்கம். மருந்து, ரத்தம், பரிசோதனை, சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள் சாப்பாடு, சிசேரியனுக்கு ஏழு நாள் சாப்பாடு, வீட்டிலிருந்து கொண்டுவரவும் திருப்பிக் கொண்டுவிடவும் வண்டி. பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் அந்த வைத்தியமும் இலவசம். வெளிக் கடையில் மருந்து வாங்கி வா என்று சீட்டு எழுதினால், 'இது ஸ்டாக் இல்லைன்னு எழுதிக் கொடுங்க' என்று அமைதியாகக் கேளுங்கள். பல நேரம் மருந்து உள்ளே இருந்தே வந்துவிடும்.

'குழந்தை பொறந்த நேரம், சண்டை போடக் கூடாது, சாபம் விட்டுருவாங்க' என்று கொடுத்துவிடுகிறோம். அதுதான் அவர்களுக்குத் தைரியம். அங்கே வாய்திறக்கப் பயமாக இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு 104-க்குப் போன் செய்து தேதி, வார்டு, நேரம் சொல்லிப் புகார் பதியுங்கள். சந்தோஷத்துக்கு மிட்டாய் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. பையனுக்கு ஒரு ரேட், பொண்ணுக்கு ஒரு ரேட் என்பதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஏழாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. வாங்கிய முதல் தவணையைத் திருப்பிக் கேட்பார்களா? அடுத்த முறை எனக்கு உதவி உண்டா?
ஒரு வாசகி, மொரப்பூர்

யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் கண்ணு. அந்தப் பணத்தில் நீ பழம் வாங்கிச் சாப்பிடு. மத்திய அரசின் உதவியில், கரு கலைந்தாலோ குழந்தை இறந்து பிறந்தாலோ அடுத்த கர்ப்பத்தில் புதிதாகப் பதிந்தவளாகவே எடுத்துக்கொள்வார்கள். உன் நர்ஸிடம் இந்தப் பதிவை முறையாக முடித்து வைக்கச் சொல், இல்லாவிட்டால் அடுத்த முறை கணினி குழப்பும். உடனே அடுத்ததுக்கு அவசரப்படாதே, உடம்பு தேறட்டும், ஏன் தவறியது என்று டாக்டரிடம் காகிதங்களோடு போய்க் கேள். வீட்டில் யாராவது உன்னைக் குறை சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டு: குழந்தை தவறியதற்கு நீ காரணம் இல்லை.

இரண்டாவதும் பெண். வேறு ஏதாவது உதவி இருக்கிறதா? சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்துவிட்டுப் போகிறார்கள்.
ஒரு வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

அவர்களுக்குக் காபி கொடுக்காதீர்கள்.

முத்துலட்சுமி ரெட்டி திட்டம் இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு, ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. மத்திய அரசும் 2022 ஏப்ரலிலிருந்து இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் உதவி என்று வைத்திருக்கிறது. இவை தவிர முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். 1992-இல் வந்தது. அதே ஆண்டில், வளர்க்க மனமில்லாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடும் தொட்டில் குழந்தைத் திட்டமும் சேலத்தில் தொடங்கி, 2001-இல் நம் தருமபுரிக்கும் வந்தது. ஏன் வந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். பெண் சிசுவின் மரணத்தை 'மூச்சு நின்னுபோச்சு' என்று எழுதச் சொல்லி நர்ஸ்களிடம் கெஞ்சிய காலம் அது.

ஒரே பெண் குழந்தை என்றால் 50,000, இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000 அரசு வைப்பு போடும். 18 வயதில் வட்டியோடு கைக்கு வரும். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது, குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. முக்கியமானது நாள்: இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றியத்தில் உள்ள சமூக நல விரிவாக்க அலுவலர் யார் என்று கேட்டுப் போங்கள். குடும்பக் கட்டுப்பாட்டை நீங்கள் செய்துகொண்டால் ஒரே நாளில் வீடு திரும்பலாம், கத்தி வைப்பதுகூடப் பெயரளவுக்குத்தான். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பையே மறுபடி அறுக்கச் சொல்வானேன்?

'சுகாதாரத் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகப்பேறு பணம் காத்திருக்கிறது' என்று ஒரு போன். மனைவியின் பெயர், குழந்தை பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னான். கூகுள் பே திறந்து அவன் அனுப்பியதை அழுத்தச் சொன்னான். நம்பலாமா?
ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

அழுத்தியிருந்தால் உங்கள் கணக்கு இந்நேரம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அரசுப் பணம் வாங்க எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம், எந்தப் படத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எந்த ஓடிபியும் சொல்ல வேண்டாம். வருவது தானாக வரும். பெயரும் தேதியும் சரியாகச் சொன்னான் என்பதற்காக நம்பக் கூடாது. அவை எங்கெங்கோ கசிகின்றன. ஏமாந்துவிட்டால் அந்த மணி நேரத்திலேயே 1930-க்கு அடியுங்கள், சில நேரம் பணத்தைப் பிடித்து நிறுத்த முடியும்.

உங்கள் பக்கத்தில் கன்னடத்திலும் தெலுங்கிலும்கூடப் பேசி ஏமாற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எந்தப் பாஷையில் கூப்பிட்டாலும் 'எங்க நர்ஸம்மா பேர் என்ன, சொல்லு' என்று ஒரு கேள்வி கேளுங்கள். போனை வைத்துவிடுவான்.